அந்தப் பிளாஸ்க்கை நிரப்பியவர் யார்?

தெஹிவளைத் தாய்:
கொட்டாஞ்சேனை அப்பா என்ற பெயரில் எழுதும் அன்பர் நேற்று ஒரு பெருமையை இங்கே பதிந்திருந்தார். தம் மனைவி ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே ஊட்டினார் என்றும், இரவில் அவர் எழும்பிய வேளைகளிலெல்லாம் தாம் ஒரு குவளை தண்ணீர் எடுத்துக் கொடுத்ததாகவும், கணவனின் ஆதரவு என்பது அவ்வளவுதான் என்றும் எழுதியிருந்தார். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். அத்தனை தடவையும் ஏப்பம் எடுக்க வைத்து, துணி மாற்றி, மீண்டும் உறங்க வைக்கும் வேலைகளில் ஒன்றுகூட அவருடைய பட்டியலில் இல்லை. அது போகட்டும். அந்தக் குவளைக்குத் தண்ணீர் பிளாஸ்க்கிலிருந்து வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். படுக்கப் போகுமுன் தண்ணீரைக் கொதிக்க வைத்து அந்தப் பிளாஸ்க்கை நிரப்பியவர் யார்?

கொட்டாஞ்சேனை அப்பா:
எங்கள் வீட்டில் பிளாஸ்க் எப்போதும் நிறைந்தே இருக்கும். நான் எழுதியதன் முக்கியத்துவம் சகோதரிக்கு விளங்கவில்லை. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும் என்று என் சொந்தத் தாயாரே தடுத்த வேளையில், அவரை எதிர்த்து நின்று தண்ணீர் கொடுத்தவன் நான். எத்தனை ஆண்பிள்ளைகள் அதைச் செய்வார்கள்?

தெஹிவளைத் தாய்:
"நிறைந்தே இருக்கும்." தானாகவே ஊறும் கிணறு போலும்.

வெள்ளவத்தை அம்மம்மா:
தாயை எதிர்த்ததைப் பெருமையாக எழுதும் காலம் வந்துவிட்டது. நான் மூன்று மகள்மாரின் பிள்ளைப்பேறு பார்த்தவள். பால்சுறா வறையும் உள்ளியும் சரக்குக் கறியும் வேளைக்கு வேளை கொடுத்து, பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் கழியும்வரை அவர்களைக் குசினிப் பக்கம் வரவிடாமல் பார்த்தேன். அந்த ஓய்வு ஆதரவு இல்லையா? தண்ணீரை மட்டாகக் கொடுத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. கொழும்பில் தொடர்மாடிக்குள் தனியாக இருந்துகொண்டு பிளாஸ்க்குக்காகச் சண்டை பிடிக்கிறவர்களுக்கு அது விளங்காது.

முன்னாள் குடும்பநல மாது:
முப்பது வருடங்களுக்கு மேல் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைப் பார்த்தவள் என்ற வகையில் ஒன்று சொல்கிறேன். பாலூட்டும் தாய்க்குத் தாகம் கூடுதலாக எடுக்கும், தாகம் எடுக்கும்போது குடிக்க வேண்டும், தடுக்கக் கூடாது. ஆனால் தண்ணீரை மேலும் மேலும் குடிப்பதால் பால் கூடிவிடாது, ஏனெனில் மார்பு எவ்வளவுக்கு வெறுமையாகிறதோ அவ்வளவுக்கே மீண்டும் சுரக்கும். மனக்கவலையும் களைப்பும் பால் இறங்குவதைத் தடுக்கும் என்பதால், அம்மம்மா சொல்லும் ஓய்வுக்கும் இடமுண்டு. ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தனியே தண்ணீர் தேவையில்லை; கொழும்பு வெயிலிலும் தேவையில்லை. கொதித்தாறிய தண்ணீர் ஒரு கரண்டி, நாவில் தேன் ஒரு துளி என்று பாட்டிமார் கொடுப்பதைத் தடுப்பதுதான் கணவர்மார் செய்யக்கூடிய பெரிய உதவி.

கொட்டாஞ்சேனை அப்பா:
பார்த்தீர்களா? தாகம் எடுக்கும்போது குடிக்க வேண்டும் என்று துறை சார்ந்தவரே சொல்லிவிட்டார். நான் கொடுத்தது சரி.

வெள்ளவத்தை அம்மம்மா:
தேனைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. என் பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்க இங்கே எவரும் தராசு தூக்க வேண்டாம்.

தெஹிவளைத் தாய்:
கொடுத்தது சரியா பிழையா என்று நான் கேட்கவே இல்லை. யார் நிரப்பினார் என்றுதான் கேட்டேன். என் கதையைச் சொல்கிறேன். 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து நான் கந்தோருக்குத் திரும்பியபோது, என் மகளுக்கு ஆறு மாதம் நிறைய இன்னும் பல வாரங்கள் இருந்தன. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம், அதன் கீழ் வருவோருக்கு, ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பாலூட்டவென்று நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகளைத் தருகிறது. குழந்தையை வைத்திருக்க வேலைத்தலத்தில் இடமிருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அப்படி ஒரு மணித்தியாலம் கிடைத்தாலும் கந்தோர் இருக்கும் கொழும்புக் கோட்டையிலிருந்து காலி வீதி வாகன நெரிசலில் தெஹிவளைக்கு வந்து, ஊட்டிவிட்டுத் திரும்ப எந்தத் தாயால் முடியும்? ஆகவே பாலைக் கறந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன். அங்கே நான்கு நாள்வரை வைக்கலாம், வெளியே நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்ற கணக்கு வீட்டில் என் ஒருத்தியின் தலையில் மட்டுமே இருந்தது. என் கணவரும் தண்ணீர் கொடுத்தவர்தான். கறக்கும் கருவியின் பாகங்களைக் கழுவி அவித்தெடுக்க அவர் பழகியது ஐந்தாம் மாதத்தில், அதுவும் நான் காய்ச்சலில் விழுந்த பிறகு.

கொட்டாஞ்சேனை அப்பா:
அரச உத்தியோகத்தரான தந்தைக்கு மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. என்னைப் போன்று தனியார் துறையில் இருப்பவனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. மறுநாள் காலை ஏழு மணி பேருந்தைப் பிடிக்க வேண்டிய நிலையிலும் எழும்பித் தண்ணீர் கொடுத்தேன் என்பதைச் சகோதரி வசதியாக மறக்கிறார். சென்ற வருடம் பால்மா விலை விவாதத்தில் உங்கள் கணக்கு பிழையென்று நான் காட்டியதிலிருந்து உங்களுக்கு என்மேல் வஞ்சம்.

தெஹிவளைத் தாய்:
அந்தக் கணக்கு பிழையே இல்லை. நீங்கள்தான் நானூறு கிராம் பெட்டியின் விலையை ஒரு கிலோவின் விலையென்று வாசித்தீர்கள். பிளாஸ்க்?

முன்னாள் குடும்பநல மாது:
பால்மா விலையைத் தயவுசெய்து வேறிடத்தில் பேசுங்கள். கறந்த பாலைப் போத்தலில் அல்லாமல் கோப்பையில் ஊட்டுவதற்கு வீட்டில் இருப்பவரைப் பழக்குவது பற்றி எழுத வந்தேன்.

வெள்ளவத்தை அம்மம்மா:
கோப்பையில் ஊட்டப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர் பாட்டிதான், தகப்பன் அல்ல.

கொட்டாஞ்சேனை அப்பா:
இந்தப் பிளாஸ்க் பிரச்சினைக்கு முடிவு கட்டவென்று சற்று முன்னர் மனைவியிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். என்னைப் பொறுத்தவரையில் அது எனக்குச் சாதகமான பதில்.

தெஹிவளைத் தாய்:
சிரித்துவிட்டு எங்கே போனார்? குசினிக்கா?

வெள்ளவத்தை அம்மம்மா:
அது கொதித்தாறிய தண்ணீரா, பச்சைத் தண்ணீரா என்று அந்தத் தம்பி இன்னும் சொல்லவில்லை. கொதிக்க வைத்தது என்று தெஹிவளை மகள்தான் எழுதினார், தம்பி எழுதவில்லை.