வள்ளிமலை காதுகுத்து – குடும்பக் குழு

வெள்ளிக்கிழமை

செல்வி அத்தை, மாலை 6:12
ஞாயிற்றுக்கிழமை பாத்திரம், சேர், காய்கறி எல்லாம் குடியாத்தத்திலிருந்து வள்ளிமலைக்கு யார் வண்டியில் போகுது? ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

பாபு, 6:13
குமார் அண்ணன் பிக்கப் இருக்கே

செல்வி அத்தை, 6:13
அதில்தான் ஜேசிபிக்கு ஊற்றுகிற டீசல் டேங்க் உட்கார்ந்திருக்கே.

குமார், 6:20
இறக்கிடறேன் அத்தை. ராத்திரி பட்டறைக்குப் போறேன். அடியில் ஒரு இடத்தில் கசியுது, அதற்கு ஒரு பொட்டு வெல்டிங். அப்புறம் பிராக்கெட்டை கேஸ் கட்டரில் அறுத்து இறக்கிவிட்டால் பின்னாடி முழுக்க இடம்.

சங்கீதா, 6:21
அப்போ சிலிண்டரும் அதிலேயே வந்துடும்

ஏகாம்பரம் மாமா, 6:22
குமார் போகாதே.

ஏகாம்பரம் மாமா, 6:22
வெல்டிங் வைக்காதே. போனை எடு.

குமார், 6:25
ஜேசிபி மேல இருக்கேன் மாமா. இதிலேயே சொல்லுங்க. டேங்க் காலிதான், நேற்றே எல்லாம் இறக்கியாச்சு.

ஏகாம்பரம் மாமா, 6:31
காலி என்பதால்தான் சொல்றேன். முட்ட டீசல் இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலி டேங்கில் அடியில் ஒரு டம்ளராவது தங்கியிருக்கும், மடிப்பில் பிசுக்கு இருக்கும். வெல்டிங் சூட்டில் அது ஆவியாகி உள்ளே இருக்கிற காற்றோடு கலந்தால் ஒரு பொறி போதும், டேங்கே வெடிக்கும். தண்ணீர் விட்டு அலசினேன் என்பது பேச்சுக்கு உதவாது. நாங்கள் டேங்கரைப் பட்டறைக்கு விட்டால் நீராவி அடித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, ஆவி இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நெருப்பையே பக்கத்தில் கொண்டுவருவார்கள். ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் மடியில் குழந்தை உட்காரணும். அதற்கு மடி வேண்டும்.

பாபு, 6:32
கிளாஸ் ஆரம்பம்

செல்வி அத்தை, 6:32
பக்கத்து அறையில்தான் இருக்கார். கத்திக்கொண்டே டைப் அடிக்கிறார்.

ஏகாம்பரம் மாமா, 6:34
டேங்க் புதுத் தகடா, பழைய பேரலா?

குமார், 6:36
புதுத் தகடு மாமா. அடிப்பாகம் மட்டும் பேரலை வெட்டிச் சேர்த்தது.

ஏகாம்பரம் மாமா, 6:36
எந்தப் பேரல்

குமார், 6:39
ராணிப்பேட்டையில் வாங்கினது. முதலில் தின்னர் வாசனை வந்தது. இப்போது இல்லை.

சங்கீதா, 6:39
ஐயோ அண்ணா

முருகேசன் பெரியப்பா, 6:41
செய்து கொடுத்தது யார் பட்டறை?

ரேவதி அண்ணி, 6:47
என் தம்பி பட்டறை. தெரிந்துதானே கேட்கறீங்க மாமா.

முருகேசன் பெரியப்பா, 6:48
நான் ஒன்றும் சொல்லவில்லையே.

செல்வி அத்தை, 6:48
அண்ணா விடு

தீபக் ஹூஸ்டன், 6:50
அப்பா, இங்கே பிக்கப் பின்னாடி டேங்க் சர்வ சாதாரணம். டீசல் 119 காலன் கொள்ளளவு வரை, அதாவது 450 லிட்டர், ஆபத்துச் சரக்கு விதிக்குள்ளேயே வராது. பெட்ரோல் என்றால் கதை வேறு.

முருகேசன் பெரியப்பா, 6:51
அமெரிக்காவில் டீசல் பிடிக்கிற மாப்பிள்ளைக்குக் காதுகுத்துக்கு வர நேரமில்லை.

தீபக் ஹூஸ்டன், 6:51
மொய் அனுப்பிட்டேன் மாமா

சங்கீதா, 6:52
வந்தது தீபக் 🙏

குமார், 6:55
பங்கில் ஒருத்தர், 200 லிட்டருக்கு மேல் ஏற்றினால் லைசென்ஸ் கேட்டு வண்டியைப் பிடிக்கிறார்கள் என்று சொல்றார். நிஜமா மாமா?

ஏகாம்பரம் மாமா, 7:04
புரளி. 1934 பெட்ரோலியச் சட்டத்தில் 7ஆம் பிரிவை எடுத்துப் படி. டீசல் B வகுப்பு, அதாவது பெட்ரோல் அளவுக்குச் சட்டென்று பற்றாத வகை. ஒரே இடத்தில் மொத்தம் 2500 லிட்டருக்கு மேல் போகாமல், எந்த ஒரு கலமும் 1000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. பெட்ரோல் A வகுப்பு, அதில் கை வைக்காதே. விற்பனைக்கு இல்லாமல் வைத்திருப்பதற்கே 30 லிட்டர்தான். வண்டியின் சொந்த டேங்குக்கு 9ஆம் பிரிவில் தனிச் சலுகை உண்டு, ஆனால் அது அந்த வண்டியை ஓட்டுகிற எண்ணெய்க்கு மட்டும். உன் டேங்க் ஜேசிபிக்கு ஊற்றுகிற டேங்க், அதனால் 7ஆம் பிரிவுதான் உனக்கு.

குமார், 7:05
நம்முடையது 400 தானே. அப்போ சரி.

ஏகாம்பரம் மாமா, 7:11
லைசென்ஸுக்குச் சரி. ஆர்.சி. புத்தகத்துக்கு? அதில் இல்லாத டேங்கை பாடியோடு சேர்த்து வெல்டு வைத்திருக்கிறாய். பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்.சி.க்குப் பார்த்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு என்பார். 400 லிட்டர் டீசல் என்றால் கிட்டத்தட்ட 340 கிலோ. உள்ளே தடுப்புத் தகடு இல்லையென்றால் பள்ளிகொண்டா டோலில் பிரேக் போட்டதும் அத்தனையும் முன்னால் வந்து முட்டும். காற்றுப் போக்கி இருக்கா?

குமார், 7:12
மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை

பாபு, 7:12
😂

ஏகாம்பரம் மாமா, 7:15
சிரிக்காதே. காலை 25 டிகிரியில் முட்ட நிரப்பினால், மதியம் தகடு காய்ந்து 45 ஆகும்போது 400 லிட்டரில் சுமார் 6 லிட்டர் பெருகும். அது அந்த ஓட்டை வழியாகத்தான் பாடியில் வழியும். அதன் பக்கத்தில் சிலிண்டரும் அடுப்பும் வைக்கிறேன் என்று ஒருத்தி சொல்றா. டேங்கர் பின்னால் 1202 என்று எழுதுவது எதற்கு? எண்ணைப் பார்த்ததும் தீயணைப்புக்காரனுக்கு டீசல் என்று தெரிய. 1203 என்றால் பெட்ரோல். சின்ன வயதில் பாபு அதை என் வண்டி நம்பர் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

பாபு, 7:16
மாமா அது தீபக்

தீபக் ஹூஸ்டன், 7:16
நான் இல்லை

சங்கீதா, 7:18
சரி, வண்டிக்கு என்ன செய்யலாம்

குமார், 7:20
இரண்டு பிராக்கெட் போல்ட், இரண்டு வெல்டிங். போல்ட்டை ஸ்பேனரால் கழற்றிடலாம். மீதி இரண்டை கிரைண்டரில்

ஏகாம்பரம் மாமா, 7:20
கிரைண்டரும் நெருப்புதான்.

ரேவதி அண்ணி, 7:22
என் தம்பி இப்படி எத்தனையோ டேங்க் செய்து கொடுத்திருக்கான். இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

முருகேசன் பெரியப்பா, 7:23
ஆனதில்லை சரிதான் அம்மா. ஜேசிபி வாங்கும்போது அவன் வாங்கிப் போன பணமும் இன்னும் திரும்ப வந்தது இல்லை.

ரேவதி அண்ணி, 7:23
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை, 7:25
மலையில் சைவம்தான், நினைவு இருக்கட்டும். பிரியாணி சாயங்காலம் வீட்டில். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் சொல்லியாச்சா? தொக்குக்கு அது இல்லாமல் நடக்காது.

சங்கீதா, 7:25
8 கிலோ சொல்லியிருக்கேன் அத்தை

முருகேசன் பெரியப்பா, 7:26
12 சொல்.

பாபு, 7:28
என் நண்பன் டாடா ஏஸ் கேட்டுப் பார்க்கிறேன். டீசல் நாம் போட்டால் போதும் என்பான்

குமார், 7:29
வாடகை வேண்டாமா?

பாபு, 7:29
கேட்டால் நீங்க கொடுங்க அண்ணே, தாய்மாமன்

ஏகாம்பரம் மாமா, 7:30
ஏஸ் வந்தாலும் பின்னால் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் இன்சூரன்ஸ் கையை விரிப்பான்.

சங்கீதா, 7:31
பின்னே 14 பேர் எப்படி வருவாங்க

முருகேசன் பெரியப்பா, 7:31
பஸ் இல்லையா?

குமார், 7:36
பட்டறையிலிருந்து போன் மேல போன் வருது. என்ன சொல்ல?

ரேவதி அண்ணி, 7:37
நானே பேசிக்கறேன்.

ஏகாம்பரம் மாமா, 7:44
(குரல் செய்தி, 4:12)

பாபு, 7:46
யாராவது கேட்டுச் சொல்லுங்க

செல்வி அத்தை, 7:47
நேரில் கேட்டாச்சு. சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். குமார், டேங்க் இருந்தபடியே இருக்கட்டும், பாபு ஏஸ் கேட்கட்டும். கிடைக்காவிட்டால் நாளைக்குப் பேசலாம்.

முருகேசன் பெரியப்பா, 7:48
பேரல் அடி போட்ட டேங்குக்கு எவ்வளவு வாங்கினான்?