பேச வருகிறவரும் கட்டணம் கட்ட வேண்டுமா?

நிலா: அனைவருக்கும் வணக்கம். என் ஆய்வுக் கட்டுரையை ஒரு பன்னாட்டு மாநாட்டில் வாசிக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் முழுப் பதிவுக் கட்டணத்தையும் செலுத்தினால்தான் அது மாநாட்டுத் தொகுப்பில் இடம்பெறும் என்கிறார்கள். பேச வருகிறவரிடமே பணம் கேட்பது முறைதானா, பெரியப்பா?

பெரியப்பா: வாழ்த்துகள் அம்மா. ஏற்கப்பட்ட ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர்களில் ஒருவராவது பதிவு செய்ய வேண்டும் என்பது ஏசிஎம் (கணினியியலாளர் சங்கம்), ஐஇஇஇ (மின், மின்னணுப் பொறியாளர் சங்கம்) போன்ற அமைப்புகளின் மாநாடுகளில் நெடுநாளைய வழக்கம். கட்டுரையை அனுப்பிவிட்டு வராமல் இருந்துவிடுவோரும் உண்டு என்பதால், நேரில் வாசிக்கப்படாத கட்டுரையைத் தன் மின்நூலகத்தில் சேர்க்காமல் விடும் உரிமையையும் ஐஇஇஇ வைத்திருக்கிறது. மேலும், இத்தகைய மாநாடுகளுக்கு வருவோரில் பெரும்பகுதியினர் கட்டுரை வாசிப்பவர்களே. அவர்கள் எல்லோருக்கும் விலக்களித்தால் அரங்க வாடகையை யார் கொடுப்பது?

இளங்கோ: அந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது மாமா. ஆனால் வணிக நோக்கில் நடக்கும் கருத்தரங்குகளில், பேச்சைக் கேட்பதற்காகத்தான் மற்றவர்கள் பணம் கட்டி வருகிறார்கள். அங்கே பேச்சாளரிடமும் வசூலிப்பது, அவர் பல நாள் உழைத்துத் தயாரித்த உரையை இலவசமாகப் பெற்றுக்கொண்டு அதற்கு மேல் பணமும் கேட்பதாகும்.

மாலதி அத்தை: பைத்தான் என்ற கணினி நிரல்மொழிக்காக அமெரிக்காவில் நடக்கும் பைகான் மாநாட்டில் பேச்சாளர்கள் மட்டுமின்றி, அமைப்பாளர்களும் பதிவுக் கட்டணம் செலுத்துவது நெடுங்காலம் மரபாக இருந்து வந்தது. இயலாதவர்களுக்கு நிதியுதவி உண்டு. எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் அது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

நிலா: என்னை உறுத்துவதும் அதுதான் அத்தை. இந்த மாநாட்டில் சிறப்பு அழைப்பாளர்களுக்குக் கட்டணம் இல்லை, தங்குமிடமும் தருகிறார்கள். அவர்களில் பலருக்கு அவர்களுடைய நிறுவனமே செலவை ஏற்கும். எந்த நிதியும் இல்லாத மாணவர்தான் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது.

பெரியப்பா: அது நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். அரங்கச் செலவுக்காக வசூலிப்பது சரி என்றாலும், யாரால் கொடுக்க முடியும் என்று பார்த்து வசூலிக்க வேண்டும். விலக்குக்கு வழி உண்டா என்பதைக் கட்டுரை கோரும் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். நீ மாணவர் கட்டணத்தில் பதிய அனுமதி கேட்டு எழுது. அதற்கு முன், உன் கட்டுரையை உண்மையிலேயே யாராவது படித்து மதிப்பிட்டார்களா என்று பார்த்துக்கொள். வருகிற கட்டுரைகளையெல்லாம் ஏற்றுக்கொண்டு, கட்டணத்துக்காகவே நடத்தப்படும் போலி மாநாடுகளும் இருக்கின்றன.

நிலா: மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் விரிவாகவே வந்திருக்கின்றன பெரியப்பா; என் சோதனை முறையில் இருந்த ஒரு குறையைக்கூடச் சரியாகச் சுட்டியிருக்கிறார்கள். இன்றிரவே கடிதம் எழுதுகிறேன்.

இளங்கோ: அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு. உன் துறை பயண நிதி தருமா என்றும் நாளை காலையிலேயே கேட்டுவிடு.