கலாய்க்கும்போது முகம் காட்டிக்கொடுக்குது, என்ன சொல்லி நிறுத்துறது?

கோயம்புத்தூர்ல காலேஜ் ஹாஸ்டல், மூணாம் வருஷம், ஆறு பேர் செட்டு. நல்ல பசங்கதான், காய்ச்சல்னா கஞ்சி வாங்கிட்டு வர்ற ரகம். உயரம், கிரிக்கெட், அரியர்னு எதை வெச்சு ஓட்டினாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் திக்கிப் பேசுறதை நடிச்சுக் காட்டினா மட்டும் காது சூடாகி, தொண்டை அடைச்சு, கண்ணு கலங்கிடுது. அதைப் பார்த்ததும் அடுத்த ரவுண்டு ஆரம்பம். போன செமஸ்டர்ல இருந்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் வேற.

சேர்ந்து சிரிச்சுப் பார்த்தேன். பிடிச்சிருக்குனு நினைச்சு கூடுதலா ஓட்டுறாங்க. திருப்பிக் கவுண்டர் கொடுத்தா, குரல் நடுங்கினதுமே அது செத்துடுது. கோபத்துல சொன்னா அடுத்தவன் குடும்பத்துல போய் நிக்குது, அது அதைவிட மோசம். குரூப்பை மியூட் பண்ண 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும்னு வசதி இருக்கு. மெஸ் டேபிளுக்கு இல்லையே! 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விட்டா தொண்டை இளகுது. முகம் சிவக்கிறது அட்ரினலின் வேலை, அடக்க அடக்கத்தான் ஏறும். ஒருத்தன்கிட்ட தனியா சொன்னது பலிச்சுது, அவன் பேச்சை மாத்திவிடுறான். அவன் ஊருக்குப் போயிட்டா பழைய கதைதான்.

'விடு மச்சி, கண்டுக்காத' வேண்டாம். செட்டை விட்டு விலகவும் விருப்பமில்லை.

திக்குறதை மட்டும் தொடாதீங்கனு, மூஞ்சியைத் தூக்காம அந்த இடத்துலயே சொல்ல, உங்களுக்குப் பலிச்ச ஒரு சின்ன வரி என்ன?