மில்லஸ் நீரூற்றில் தண்ணீர் நின்றால் மிஞ்சுவது என்ன?

நீர்வழி:
ஸ்வீடன் நாட்டுச் சிற்பி கார்ல் மில்லஸ் (1875–1955) செய்த நீரூற்றுகளின் படங்களைப் போட்டு "விறைப்பா இருக்கு, ஏதோ ஒட்டவைச்ச மாதிரி இருக்கு" என்று எழுதுகிறார்கள். அந்தப் படங்களில் பாதி, தண்ணீர் நிறுத்திய குளிர்காலத்தில் எடுத்தவை. என் கட்சி இதுதான்: மில்லஸுக்கு வெண்கலம் எப்படி ஒரு பொருளோ, தண்ணீரும் அப்படித்தான். தண்ணீர் ஓடாத மில்லஸ் நீரூற்று அரைச் சிலை.

ஸ்டாக்ஹோம் அருகே நாக்கா ஸ்ட்ராண்டில் 1995இல் நிறுவிய 'வானவில்லின் மேல் கடவுள்' தெளிவான சான்று. வளைந்து எழும் எஃகு வில் பாதியிலேயே முடிந்துவிடும். மீதி வளைவைப் போடுவது அதன் நுனியிலிருந்து பாய்கிற நீர். பம்பை நிறுத்தினால் வில் ஒடிந்து நிற்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே 1940இல் திறந்த நீரூற்றின் பொருளே மிசிசிப்பியும் மிசௌரியும் கலப்பது. முதலில் வைத்த பெயர் 'நதிகளின் திருமணம்'. உருவங்களின் நிர்வாணத்தைப் பற்றி ஊரில் எழுந்த கூச்சலில் 'நீர்களின் சந்திப்பு' என்று மாற்றினார்கள். அங்கே நீர் நின்றால் சந்திப்பு எங்கே?

ஆகவே குழாயும் தொட்டியும் இல்லாமல் இந்த உருவங்களை மட்டும் வார்த்துப் புல்வெளியில் நிறுத்துவது தவறு.

வெண்கலத்தட்டு:
அப்போ முதல் தவறு செஞ்சவர் மில்லஸ்தான், அவர்மேலயே வழக்குப் போடுங்க.

ஸ்டாக்ஹோம் ஹோடொரியெட் சந்தைச் சதுக்கத்துல, கச்சேரி மண்டபத்துக்கு முன்னாடி, 1936இல் வந்த ஆர்ஃபியஸ் நீரூற்றைப் பாருங்க. நடுவுல பாதாள உலகக் காவல்நாய் செர்பெரஸை மிதிச்சு நிக்கிற நெட்டையான ஆர்ஃபியஸ் (கிரேக்கக் கதையில வர்ற இசைஞன்), சுத்தி எட்டுச் சின்ன உருவங்கள். அதே எட்டுப் பேரை மிச்சிகன்ல கிரான்புரூக் கலைப்பள்ளி வளாகத்துக்கு வார்த்தப்போ ஆர்ஃபியஸையே விட்டுட்டார். யார் வாசிக்கிறாங்கன்னே தெரியாம எட்டுப் பேர் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. தலைவனையே கழட்டிட்டு, அதையும் முழுப் படைப்பா ஒப்படைச்சவருக்கு, குழாயைக் கழட்டுறது பெரிய பாவமா?

ஸ்வீடன்ல ஹால்ம்ஸ்டாட் ஊர்ப் பெரிய சதுக்கத்துல 1926இல் வைச்ச 'ஐரோப்பாவும் காளையும்' (ஐரோப்பா இங்கே கண்டம் இல்லை, கிரேக்கக் கதை இளவரசி) கிரான்புரூக்லயும் இருக்கு, லிடிங்கோ தீவுல அவர் வீடான மில்லஸ்கோர்டன்லயும் இருக்கு. கோத்தன்பர்க் நகர யோத்தா சதுக்கத்துல இருக்கிற கடல் தெய்வம் பொசைடனும் (1931, ஏழு மீட்டர்) மில்லஸ்கோர்டன் தோட்டப் படித்தளத்துல நிக்குது. உருவங்கள் ஊர்விட்டு ஊர் போகும்னு நினைச்சுத்தான் அவர் வேலை செஞ்சார். அவருக்குத் தண்ணியைவிடப் பின்னணி வானம் முக்கியம். பெகாசஸ் (சிறகுள்ள குதிரை), கடவுளின் கை, சூரியப் பாடகன் மூணு சிலையிலயும் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை, ஆனா மில்லஸ்னா ஊருக்கு நினைவு வர்றது அதுங்கதான்.

களிம்பு:
ரெண்டு பேரும் அழகைப் பேசுறீங்க. பராமரிப்புக்காரன் பக்கம் ஒரு வார்த்தை. நீரூற்றில் நிற்கிற வெண்கலத்துக்கு மூன்று தலைவிதி. எப்போதும் முழுகியிருக்கும் பகுதி ஓரளவு நிம்மதியா இருக்கும். தெறிப்பே படாத மேல்பகுதி, சாதாரண வெளிப்புறச் சிலைபோல மெல்லப் பச்சையாகும். நடுவில் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடக்கிற பட்டைதான் சாகும். ஒவ்வொரு முறை காயும்போதும் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு வெள்ளைத் திட்டாகத் தங்கும், குளோரைடு அந்தத் திட்டுக்கு அடியில் செறியும். மேலே பார்த்தால் சும்மா உப்பு, சுரண்டினால் அடியில் வெளிர்பச்சை மாவு. மாவு வந்தால் அங்கே குழி விழ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பூசிய மெழுகும் இந்தப் பட்டையில்தான் முதலில் தேயும். முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவசரத்தில் கெடுப்பார்கள். மிதமான, உப்புச் சேராத சோப்புக் கரைசலில் கழுவி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். முழுக்கக் காய வேண்டும், ஓட்டைகளுக்குள்ளும். கேஸ் சுடரால் பகுதி பகுதியாகச் சூடேற்றுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சீறாமல் மெல்ல ஆவியாகிற சூடு போதும். மைக்ரோகிரிஸ்டலின் மெழுகைத் தூரிகையால் மெல்லிசாக இழுத்து, ஆறிய பிறகு குளிர்ந்த நிலையில் இன்னொரு பூச்சு, பிறகு துணியால் தேய்ப்பு. ஈரம் மீதியிருக்கப் பூசினால் மெழுகுக்கு அடியில் வெளுத்துப் பால்போல் மங்கும், மொத்தமும் கரைத்தெடுத்து மறுபடி தொடங்க வேண்டும். வறண்ட சிலைக்கு ஆண்டுக்கு ஒன்று போதும். தெறிப்புப் பட்டைக்குத் திறப்பதற்கு முன் ஒன்று, மூடிய பின் ஒன்று என்று இரண்டு முறையாவது வேண்டும்.

ஆகவே என் ஓட்டு: நீரைக் குறையுங்கள். சிலை மேல் விழாத அளவுக்கு.

நீர்வழி:
களிம்பு சொன்ன அறிகுறிகள் எல்லாம் சரி, குற்றவாளிதான் மாறிவிட்டார். தண்ணீர் தின்னவில்லை, தண்ணீரில் போடுவது தின்கிறது. பாசிக்குப் பயந்து நீச்சல்குளக் குளோரின் மாத்திரைகளைத் தொட்டியில் கொட்டுவார்கள். பிறகு பிஎச் ஏறிவிட்டதென்று ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டுமே குளோரைடைச் சேர்க்கும். ஆவியாகிற தண்ணீரை மட்டும் ஊற்றி ஈடுகட்டிக்கொண்டே போனால் உப்பு தங்கித் தங்கி ஒரு கோடையில் பல மடங்காகும். செய்ய வேண்டியது, கடத்துதிறன் மீட்டர் (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) வைத்து, குழாய் நீரின் அளவைப்போல் இரண்டு மடங்கு வந்ததும் தொட்டியில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டுப் புது நீர் விடுவது. பாசிக்குப் புற ஊதா விளக்கும் மணல் வடிகட்டியும் போதும்.

குறைப்பதில் என்ன போகிறது என்று கணக்காகவே பார்ப்போம். 10 மிமீ வாய் உள்ள நாசிலில் (நீர் பீய்ச்சும் குழாய்முனை) 3 மீட்டர் எழ வேண்டுமானால் நீர் வாயை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 7.7 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும், நிமிடத்துக்கு 36 லிட்டர். உயரத்தைப் பாதியாக்கினால் 5.4 மீட்டர் வேகம், 25 லிட்டர். உயரம் பாதியானாலும் நீர் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. பம்புக்கு மிச்சம், பார்ப்பவருக்கு நஷ்டம். மில்லஸ் நீர்த்தாரையைத் தலைக்கு மேல் போகவிட்டிருந்தால், பாதி உயரத்தில் அது மார்பில் மோதும். நீங்கள் காப்பாற்ற நினைத்த இடத்திலேயே தெறிக்கும்!

காற்றுதான் பிரச்சினை என்றால் காற்றுமானி மாட்டுங்கள். அடித்தால் பம்ப் தானாகத் தணியட்டும், நின்றால் ஏறட்டும். நாசிலிலிருந்து தொட்டி விளிம்பு, தாரையின் உயரம் அளவுக்காவது தள்ளி இருக்க வேண்டும், வெட்ட வெளியில் இரண்டு மடங்கு. நகல் வைப்பவர்கள் உருவத்தை அளந்து வார்ப்பார்கள், தொட்டியை மட்டும் இடத்துக்குத் தக்கபடி சுருக்கிவிடுவார்கள். பிறகு நடைபாதை நனைகிறது என்று தாரையைக் குறைப்பார்கள். இந்த வரிசையில்தான் எல்லாம் கெடுகிறது.

கற்தச்சன்:
தண்ணீரா வானமா என்று அடித்துக்கொள்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கிற பீடத்தை யாரும் பார்க்கவில்லை. 3 மீட்டர் உருவத்தை 5 மீட்டர் தூணில் வைத்து, 6 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், உச்சிக்குக் கண் 47 பாகை நிமிர வேண்டும். அதையே 1 மீட்டர் பீடத்தில் வைத்தால் 22 பாகை. 'கடவுளின் கை'யில் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் நிற்கிற மனிதன் மேலே பார்க்கிறான். பார்க்கிற நாமும் அப்படியே நிமிர்ந்தால்தான் அந்தச் சிலை வேலை செய்யும். தரையோடு வைத்தால் யாரோ விரலில் ஏறி நிற்கிறான், அவ்வளவே.

உயரத்துக்குக் கூலி உண்டு. மணிக்கு 108 கிலோமீட்டர் காற்றில், உருவத்தின் வடிவத்தையும் சேர்த்தால், ஒரு சதுர மீட்டருக்கு 70 கிலோவுக்கு நெருக்கமான தள்ளல். 2.5 சதுர மீட்டர் நிழல் விழும் உருவத்துக்குச் சுமார் 170 கிலோ. அது 8 மீட்டர் உயரத்தில் தள்ளினால் தூணின் அடியில் 1,360 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை. இது சராசரிக் காற்றுக்கு. திடீர் வீச்சுக்கு இன்னும் கூட்ட வேண்டும். பெகாசஸ் போலச் சாய்ந்து பறக்கிற உருவத்தில் சொந்த எடையும் ஒரு பக்கமாகவே இழுக்கும். இதையெல்லாம் தாங்குவது வெண்கலத் தோல் இல்லை, உள்ளே போகிற எஃகுதான்.

வெண்கலத்தட்டு:
கற்தச்சன் நம்ம கட்சின்னே எடுத்துக்கிறேன். நாசிலே இல்லாமலும் இடம் முக்கியம்னு காட்டிட்டீங்க.

நீர்வழிக்கு ஒரு கேள்வி. நாக்கா ஸ்ட்ராண்டை முதல் சான்றா வைச்சீங்க. மில்லஸ் செத்தது 1955. ஐ.நா. கட்டடத்துக்குன்னு அவர் போட்ட திட்டம் கட்டப்படவே இல்லை. 1995இல் அதைப் பெரிசாக்கிக் கட்டினவர் மார்ஷல் ஃபிரெடரிக்ஸ். நாற்பது வருஷம் கழிச்சு இன்னொருத்தர் கையில வந்ததை "மில்லஸுக்குத் தண்ணி ஒரு பொருள்"னு சாட்சிக் கூண்டுல ஏத்தலாமா?

நீர்வழி:
ஏற்றலாம். ஃபிரெடரிக்ஸ் வெளியாள் இல்லை, கிரான்புரூக்கில் மில்லஸிடம் படித்து அவரோடு வேலை செய்தவர். தவிர, நீர் வளைவை முடிப்பது மில்லஸின் யோசனை, ஃபிரெடரிக்ஸ் சேர்த்த அலங்காரம் இல்லை. கைவேலை யாருடையது என்பது வேறு கேள்வி. அதில் நீங்கள் சொல்வது சரி, விரல், முகம் மாதிரி நுணுக்கங்களை வைத்து அந்தச் சிலையில் மில்லஸை எடைபோடக் கூடாது. ஆர்ஃபியஸ் விஷயத்திலும் ஒரு பாதி விட்டுக்கொடுக்கிறேன்: எட்டு உருவங்கள் தனியாக நிற்கும். ஆனால் அங்கேயும் அவர் ஆர்ஃபியஸை நீக்கினாரே தவிர நீரூற்றை நீக்கவில்லை.

களிம்பு:
நகல் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு அளவு. வெண்கலம் உறைந்து ஆறும்போது ஒன்றரையிலிருந்து இரண்டு சதவீதம் சுருங்கும். சிற்பியின் பிளாஸ்டர் மூலத்திலிருந்து அச்செடுத்தால் எல்லா வார்ப்பும் ஒரே அளவில் வரும். வெண்கலத்தின் மேலேயே அச்செடுத்து இன்னொன்று வார்த்தால் மறுபடி சுருக்கம்: 2 மீட்டர் உருவத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர். விரல் நுனி, கண் இமை ஓரம் எல்லாம் மழுங்கும். இரண்டில் எது என்று அறிய, சான்றிதழ் கேட்பதைவிட டேப்பை எடுத்து முழங்காலிலிருந்து பாதம் வரை அளப்பது நல்லது.

நீர் வேதியியல் பற்றி நீர்வழி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாத் தோட்டத்திலும் கடத்துதிறன் மீட்டரைப் பார்க்க ஆள் இருப்பதில்லை. மில்லஸின் கடைசி நீரூற்று 'அகனிப்பே', நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உணவகக் குளத்துக்குச் செய்தது. கூரைக்குக் கீழே, மழையும் பனியும் படாமல். இப்போது அது தென் கரோலினாவின் புரூக்கிரீன் தோட்டத்தில், அட்லாண்டிக் கடல் பக்கத்தில், வெளியே இருக்கிறது. கடற்காற்றில் உப்பு. உள்ளே இருந்தபோது போதுமாயிருந்த மேற்பூச்சு அங்கே போதாது. நீர்வழி, உருவங்களை இடம் மாற்றக் கூடாது என்று வாதாட வேண்டுமானால் இதைவிட நல்ல சான்று கிடைக்காது, எடுத்துக்கொள்ளுங்கள்.

வெண்கலத்தட்டு:
எதிர்க்கட்சிக்கு வாதம் சப்ளை பண்றீங்களே! அகனிப்பேயில டால்பின் மேல பாயுற உருவங்கள் வெளிச்சத்துல, மரத்தடியில நல்லா இருக்கு. உணவகத்துல மேசைக்கு நடுவுல இருந்ததைவிட நல்லா இருக்கு. உப்புக்கு மெழுகு இருக்கு, உணவகத்துக் கூரைக்கு மருந்து இல்லை.

இன்னொண்ணு. இல்லினாய்ல ராபர்ட் ஆலர்டன் தன் தோட்டத்துக்குச் சூரியப் பாடகன் கேட்டப்போ சின்னது வரும்னு எதிர்பார்த்தார், முழு அளவு வந்து இறங்கிருச்சு. திருப்பி அனுப்பலை. அதுக்குன்னு திறந்தவெளியில ஒரு இடம் பண்ணினார். மூலம் ஸ்டாக்ஹோம்ல நாடாளுமன்றத்துக்குக் கீழே நீர்க்கரையில நிக்குது, இது வயல்காட்டு நடுவுல நிக்குது. ரெண்டு இடத்துலயும் எடுபடுது.

தோட்டவேலி:
படித்துக்கொண்டே வந்தேன், ஒரு நடைமுறைக் கேள்வி. நீரை நிறுத்தும் மாதங்களில் உருவங்களைப் பாலித்தீன் சுற்றி மூடலாமா? பனி உள்ளே போகாதே?

களிம்பு:
வேண்டாம். பகலில் வெண்கலம் சூடாகி இரவில் குளிரும்போது பாலித்தீனுக்கு உள்ளே வியர்க்கும், அந்த ஈரம் வெளியே போக வழி இருக்காது. மூடியே ஆக வேண்டுமென்றால் மேலே சரிந்த கூரையும் அடியில் காற்று வழியும் உள்ள மரப்பெட்டி.

பனி வெளியிலிருந்து வருவதைவிட உள்ளே இருக்கிற தண்ணீர்தான் ஆபத்து. உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும். வரிசை இது: பம்பை நிறுத்தி மின்னிணைப்பைத் துண்டித்து, தொட்டியை வடியவிட்டு, குழாய்வழியின் ஆகத் தாழ்ந்த வால்வைத் திறக்கவும். நாசில்களைக் கழற்றி எண் போட்டு வைக்கவும் (வாய் அளவு மாறினால் அடுத்த ஆண்டு தாரை மாறும்). பிறகு குறைந்த அழுத்தக் காற்றை ஒவ்வொரு கிளையாக, துளி வருவது நிற்கும்வரை ஊதவும். வால்வுகளைப் பாதி திறந்தே விடவும், பந்து வால்வு மூடியிருந்தால் பந்துக்குள் நிற்கும் தண்ணீரே அதை உடைக்கும்.

கற்தச்சன்:
அதோடு சிலையின் உள்ளேயும். இவை பொள் வார்ப்பு, அதாவது உள்ளே வெற்றாக இருக்கும். தையலிலோ நுண்துளையிலோ போகிற நீர் காலுக்குள் இறங்கித் தேங்கும். பழைய வார்ப்பில் உட்கரு மண்ணை (வார்க்கும்போது உள்ளே வைக்கிற மண்) முழுக்கத் தோண்டியிருக்க மாட்டார்கள், அது ஈரத்தைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கும். உள்ளே இரும்புக் கம்பி விட்டிருந்தால் துருவும் ஊதிக் கணுக்காலைப் பிளக்கும். பாதத்தில் பச்சைக்குப் பதில் செம்பழுப்புக் கறை வடிந்தால் அது இரும்பு, துருப்பிடிக்காத எஃகாக மாற்ற வேண்டிய நேரம்.

தோட்டவேலி:
முதலில் எங்கே பார்க்க?

கற்தச்சன்:
குதிகாலுக்கு அடியில் ஒரு வடிதுளை இருக்கும், 6 அல்லது 8 மிமீ. பெரும்பாலும் பழைய மெழுகே அதை அடைத்திருக்கும். மரக் குச்சியால் குத்திப் பாருங்கள், கம்பி வேண்டாம். தண்ணீர் வந்தால் வடிந்து முடியும்வரை மெழுகுப் பக்கம் போகாதீர்கள்.