ஜப்பான்ல ஒரே ஒரு புத்தர் கோயில்னா எது? அம்மா அப்பாவோட போறோம்

பேட்டைக்காரன்:
மக்கா ஒரு வெவரம் வேணும். நான் ஒசாகால வேல பாக்கேன், நவம்பர்ல ஊர்ல இருந்து அம்மாவும் அப்பாவும் வாராவ, லீவு ஒரு நாள்தான் கெடைக்கும். கியோட்டோ தங்கக் கோயிலுக்கு கூட்டிட்டுப் போன்னு ஆபீஸ்ல சொல்லுதாங்க. ஆனா அப்பா டெய்லி நெல்லையப்பர் சன்னதியில போயி நிக்க ஆளு, சாமிய கிட்ட நின்னு பாக்கணும், இல்லன்னா இதுக்கா பிளைட் ஏறி வந்தோம்பாரு. அம்மாவுக்கு முட்டு வலி வேற. யாராச்சும் போயிருக்கியளா?

தச்சநல்லூர் தம்பி:
அப்ப தங்கக் கோயில் வேண்டாம்ணே. உள்ள விடமாட்டாங்க, குளத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு நகர வேண்டியதுதான், அதுவும் 1950ல ஒரு இளம் பிக்கு தீ வச்சு எரிஞ்சு போயி 1955ல திரும்பக் கட்டுனது. பேசாம நாரா ஊருக்குப் போங்க, அங்க தோடாய்ஜின்னு ஒரு புத்தர் கோயில். நம்பா ஸ்டேஷன்ல கின்டெட்சு ரயில் புடிச்சா நாப்பது நிமிஷம் போல ஆவும். வெண்கல புத்தர், உக்காந்தாப்லயே சுமார் 15 மீட்டர், அண்ணாந்து பாத்துட்டு அப்படியே பின்னாடி சுத்தியும் வரலாம். மண்டபம் 1180லயும் 1567லயும் சண்டையில எரிஞ்சு இப்ப இருக்கது 1709ல முடிச்சது, பழசவிட சின்னது, அதுக்கே அகலம் 57 மீட்டர்னா பாத்துக்கோங்க. அப்பாகிட்ட இதச் சொல்லுங்க, 752ல அந்த புத்தருக்கு தூரிகையால கண் வரஞ்சு தொறந்தது இந்தியாவுல இருந்து போன போதிசேனர்ங்கிற பிக்கு. அந்தத் தூரிகையில நீளமா கயிறு கட்டி, வந்திருந்தவங்க எல்லாரும் அதப் புடிச்சிக்கிட்டாங்களாம், எல்லாருக்கும் புண்ணியத்துல பங்கு வேணும்ல, நம்ம தேர் வடம் மாதிரிதான்.

பேட்டைக்காரன்:
இது நம்ம அப்பாவுக்குன்னே சொன்னாப்ல இருக்கு. நடக்க ரொம்ப இருக்குமோ?

வண்ணார்பேட்ட அக்கா:
தம்பி, நாரா ஸ்டேஷன்ல இருந்து இருவது நிமிஷம் நடை, அம்மாவுக்காக பஸ் ஏறிருங்க, எறங்கி கொஞ்ச தூரம்தான். மண்டபத்துக்கு சில படி உண்டு, செருப்பு கழட்ட வேண்டாம். வாசலுக்கு வலப்பக்கம் செவப்புத் துணி போட்ட மரச் சிலை ஒண்ணு இருக்கும், பிண்டோலர்னு புத்தரோட சீடரு. நமக்கு எங்க வலியோ அவருக்கு அந்த எடத்தத் தொட்டுட்டு நம்ம ஒடம்புல தடவிக்கிடணும், அம்மாவ அவரு முட்டியத் தொட விட்டுராதிய. விபூதி குங்குமம்லாம் கெடைக்காது, முன்னாடியே சொல்லி வச்சிருங்க. அப்புறம் மான். ரோடெல்லாம் மான்தான், பிஸ்கட்டக் காட்டுனா தலை ஆட்டிக் கும்புடும், குடுக்க லேட்டானா சேல முந்தானையக் கடிச்சு இழுக்கும்.

தச்சநல்லூர் தம்பி:
ஏ அக்கா, "மறந்துராதிய"ன்னு சொல்ல வந்திய போல 😄

சுலோச்சனமுதலியார் பாலம்:
சைவம்னா நூடுல்ஸ் கடையில ஏமாந்துராதீங்க, மேல காய்தான் கெடக்கும், சூப்பு மீன்ல எடுத்தது. எலுமிச்ச சாதம் கட்டிட்டுப் போங்க, ஆனா மான் பக்கத்துல பொட்டலத்தப் பிரிச்சிராதிய.