கைக்குழந்தைக்குப் புத்தகம் வாசிப்பது: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

காரைக்குடி செவிலி:
பிறந்து மூன்று வாரமான பிள்ளை. பட்டாசாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஐயா, அதாவது தாத்தா, மடியில் வைத்து, படப் புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து வாசிக்கிறார். பிள்ளை அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அந்த வயதில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. தூரம், அதாவது ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றேகால். கிட்டே கொண்டுவந்து, வெளிர் நிறப் பக்கத்தை விட்டுக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பக்கத்தை விரித்ததும், விரலைச் சப்பிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது! கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐயா விடவில்லை, திரும்பிய பக்கமே படத்தைக் கொண்டுபோனார். அழுகை. முகத்தைத் திருப்பினால், "போதும்" என்று அர்த்தம், அதோடு மூடிவிட வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா:
ஏழு மாதப் பிள்ளை, மெல்லிய தாள் புத்தகம். "தின்னுது பாருங்க" என்று வெடுக்கென்று பிடுங்கினார்கள். கீழுதட்டில் ஒரு தாள் துணுக்கு ஒட்டியிருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. புத்தகத்தைப் பிடுங்குவதற்கு முன், விரல்விட்டுத் துழாவாமல், வாயைத்தான் பார்க்க வேண்டும். வாயில் வைப்பது கெட்ட பழக்கம் இல்லை, அந்த வயதில் எதையும் வாயால்தான் தெரிந்துகொள்ளும். தவறு புத்தகத்தில். முனை வளைத்து வெட்டிய கெட்டி அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோ வாங்குங்கள். கம்பிப் பின் அடித்தது, ஜிகினா ஒட்டியது வேண்டாம். எச்சில் பட்டால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீரில் அலசினால் அட்டை ஊதிப் பிரிந்துவிடும்.

பள்ளத்தூர்:
நம் ஆயாக்களும் அப்பத்தாக்களும் புத்தகம் வைத்தா வளர்த்தார்கள்? மாமன் சீரையும் ஐயா கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன கதையையும் தாலாட்டிலேயே சொன்னார்கள். ஒரு வயது வரை அதுவே போதும்.

கானாடுகாத்தான்:
பள்ளத்தூர் அண்ணே, தாலாட்டு வேண்டும். ஆனால் அது கண்ணை மூட வைப்பதற்கு, புத்தகம் கண்ணைத் திறந்து வைப்பதற்கு. இரண்டும் வேறு வேலை.

சமீபத்தில் ஒரு வீட்டில் பார்த்தது. பத்து மாதப் பிள்ளை, அப்பா சிங்கப்பூரில். வீடியோ காலில் புத்தகத்தைக் காட்டி வாசிக்கிறார், பிள்ளையோ போனைப் பிடுங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறது. அதே புத்தகத்தில் இன்னொரு பிரதியை அப்பத்தா மடியில் விரித்து, அப்பா சொல்லச் சொல்ல இங்கே பக்கம் திருப்பினார். யானை வந்ததும் பிள்ளை படத்தில் விரலை வைத்து, போனைப் பார்த்து "ஆ" என்றது. அந்த விரல்தான் விஷயம். ஒன்பது மாதத்துக்கு மேல், தான் பார்ப்பதை மற்றவரும் பார்க்கிறாரா என்று பிள்ளை தேட ஆரம்பிக்கும். பேச்சு அங்கிருந்துதான் பிடிக்கும்.

ஆகவே முறை இதுதான். எழுதியிருப்பதை முழுதாக வாசிக்க வேண்டியதில்லை. "யானை எங்கே?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலோர் இரண்டிலேயே தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள், பிள்ளையின் முறை போய்விடுகிறது. போனில் என்றால் குரல் தாமதமாக வரும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள். "ஆ" என்றால் "ஆமாம், யானை, பெரிய யானை" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். ஒரு தடவைக்கு மூன்று, நான்கு நிமிடம் தாராளம். குளித்துப் பால் குடித்து முழித்திருக்கும் நேரம் நல்லது, பசி நேரம் ஆகாது. தினம் புதுப் புத்தகம் தேட வேண்டாம். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால்தான் அடுத்து வருவது தெரிந்து, பக்கம் திருப்புமுன்பே சிரிக்கும்.

யூடியூப் கதை இதற்கு ஈடாகாது. பிள்ளையின் "ஆ"வுக்காக அது நிற்காது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2016 பரிந்துரையில் ஒன்றரை வயதுக்குள் திரை வேண்டாம் என்றது, ஆனால் அப்பாவோடு முகம் பார்த்துப் பேசும் வீடியோ காலை அதிலிருந்து விலக்கியது.

பள்ளத்தூர்:
தம்பி, ஐந்து எண்ணுவது சரி. ஆனால் தாலாட்டு தூங்க வைக்க மட்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கருவில் கடைசி வாரங்களில் தாய் திரும்பத் திரும்ப வாசித்ததைப் பிறந்த பிள்ளை அடையாளம் காணும் என்று 1986-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். பாட்டும் காது வழியாகத்தானே போகிறது?

தேவகோட்டை ரஸ்தா:
இரண்டு பேரும் சொல்வதைச் சேர்த்தே செய்யலாம், படத்தைக் காட்டி ராகத்தோடு பாடுங்கள். ஒன்று விட்டுப்போச்சு: ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டைப் புத்தகத்தை மர அலமாரியில் அடுக்காதீர்கள், பூசணம் பிடிக்கும். விரித்து நிறுத்தி ஃபேன் காற்றில் காய வையுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் துடைத்துக் கொடுக்காதீர்கள், அது வாய்க்குப் போகிற சாமான். தூக்கிப் போடுங்கள்.