பிளாக் ஹோல்: ‘கருந்துளை’ வேண்டாம், ‘தரிசு’ எப்படி?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மேலாண்மைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில், பன்னாட்டு நிறுவனங்களின் பிளாக் ஹோல் வகைத் துணை நிறுவனத்துக்குக் ‘கருந்துளை நிறுவனம்’ என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். வானியலில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது, சரி. இங்கே அது பொருளையே திருப்பிவிடுகிறது.

மேலாண்மை அறிஞர்கள் பார்ட்லெட்டும் கோஷலும் 1986இல் பன்னாட்டு நிறுவனங்களின் வெளிநாட்டுத் துணை நிறுவனங்களை நான்காகப் பிரித்தபோது இரண்டைத்தான் பார்த்தார்கள்: அந்தச் சந்தை எவ்வளவு முக்கியம், அங்குள்ள நிறுவனத்துக்குத் திறமை எவ்வளவு. சந்தை முக்கியமாக இருந்தும் திறமை குறைந்தால் அது பிளாக் ஹோல். குறை நிலத்தில் இல்லை, உழவில். கருந்துளை என்றாலோ, போட்டதெல்லாம் போச்சு, விலகிவிடு என்றுதான் கேட்பவருக்குப் படும்.

நம் உழவர் வாயில் களர் வேறு, தரிசு வேறு. களரில் விதைத்தாலும் முளைக்காது. தரிசு உழாமல் கிடப்பது, உழுதால் விளையும். ஆகவே ‘தரிசு நிறுவனம்’.

இதே வழியில், சந்தையும் முக்கியம், திறமையும் அதிகம் என்ற ஸ்ட்ராட்டஜிக் லீடர் ‘முன்னேர்’. முன்னேர் போன வழியில்தானே பின்னேர் போகும்? சந்தையும் சின்னது, திறமையும் அளவானது என்ற இம்ப்ளிமென்டர் ‘பின்னேர்’. ‘ஏவல் நிறுவனம்’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. பெரும்பாலான நாடுகளில் இருப்பது இந்த வகைதான், புதிய முயற்சிகளுக்கான பணத்தை ஈட்டித் தருவதும் இதுதான். அதை ஏவலாளாக்குவது நியாயமில்லை.

அப்புறம் கான்ட்ரிபியூட்டர்: சின்னச் சந்தை, பெரிய திறமை. நம் சிங்கப்பூரே கண்முன் நிற்கிறது. ஹியூலெட் பேக்கார்ட் 1970இல் இங்கே வந்தது குறைந்த செலவில் எளிய உறுப்புகள் செய்யத்தான். பின்னாளில் இங்க்ஜெட் அச்சுப்பொறிகளையே வடிவமைக்கும் இடமாக இது வளர்ந்தது. இத்தனைக்கும் உள்ளூரில் விற்றது கொஞ்சம்தான். இதற்கு ‘ஊற்று’ என்று வைத்தேன்: சிறிய இடம், வெளியே பாயும் நீர்.

‘தரிசுக் கிளை’ என்று சுருக்கலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். இங்குள்ள சட்டப்படி கிளை தாய் நிறுவனத்தின் அங்கம், துணை நிறுவனமோ தனி ஆள்.

பாலிடெக்னிக்கில் வணிகம் படிக்கும் என் மகளிடம் நான்கையும் சொல்லிப் பார்த்தேன். கோப்பிக்கடை ரசீதின் பின்பக்கம் நாலு கட்டம் போட்டாள். ஏரை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் முன்னேர், பின்னேர், தரிசு மூன்றையும் கேட்காமலே சரியான கட்டத்தில் எழுதினாள். ஊற்றில் பேனா நின்றது. “சோர்ஸ் தொழிற்சாலைன்னு இன்னொரு வகை இருக்கே அப்பா, அதுவா இது?” என்றாள். ஃபெர்டோஸ் என்ற மேலாண்மை அறிஞர் 1997இல் தொழிற்சாலைகளை வகைப்படுத்தியபோது வைத்த பெயர் அது; சோர்ஸ் என்றாலும் ஊற்றுதானே. அவள் கேட்டது சரிதான். அந்தக் கட்டத்துக்கு மட்டும் வேறு சொல் தாருங்கள்.